பூத்து ஓய்ந்த லில்லிக் கிழங்கை மறுபடி நடுவது எப்படி?

அமரில்லிஸ் லில்லி பூத்து முடிந்ததும் பூத்தண்டை மட்டும் கிழங்குக்கு இரண்டு விரற்கடை மேலே நறுக்குங்கள். இலையில் கை வைக்காதீர்கள். அடுத்த பூவுக்கான சத்தைக் கிழங்கில் சேர்ப்பது அதுதான். மாதம் ஒரு பிடி மண்புழு உரம் போதும்.

வடசென்னையின் ராயபுரம், தண்டையார்பேட்டை மாடிகளில் இதற்கு எமன் வெயில் இல்லை, ஐப்பசி மழை. கிழங்கின் கழுத்தில் தண்ணீர் தேங்கினால் உள்ளிருந்து அழுகும். புரட்டாசிக் கடைசியில் தண்ணீரை நிறுத்தி, தொட்டியை மழை படாத இடத்துக்கு மாற்றுங்கள். இலை பழுத்ததும் கிழங்கைத் தோண்டி மண்ணை உதறுங்கள், கழுவ வேண்டாம். ஒரு வாரம் நிழலில் உலர்த்தி, செய்தித்தாளில் சுற்றிக் கூடையில் வையுங்கள். பாலிதீன் பையில் வைத்தால் வியர்த்துப் பூஞ்சை பிடிக்கும். அமுக்கினால் கொழகொழவென்று இருப்பதைத் தூக்கிப் போடுங்கள், மற்றதையும் கெடுக்கும்.

தை பிறந்ததும் நடலாம். செம்மண் 2 பங்கு, ஆற்று மணல் 1, மக்கிய தொழுவுரம் 1. பக்கத்தில்தானே என்று காசிமேட்டுக் கடல் மணலை அள்ளாதீர்கள். உப்பு வேரைக் கருக்கிவிடும். கிழங்கில் மூன்றில் ஒரு பங்கு மண்ணுக்கு வெளியே தெரியட்டும். துளிர் விடும்வரை தண்ணீர் கொஞ்சமாக.

ட்யூலிப் கிழங்கு வைத்திருந்தால் ஆசையை விடுங்கள். அதற்கு 12 வாரத்துக்குக் குறையாத குளிர் வேண்டும்.