புல்தரை ஓரம் வெட்டும் கத்தரி: பார்த்து வாங்குவதும் வீட்டிலேயே தீட்டுவதும்

வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து மார்கழி வெயில் தலைகாட்டியதும் புதுச்சேரி வீடுகளில் புல்தரை செங்கல் வரப்பைத் தாண்டி நடைபாதைக்கு வந்துவிடும். கொரியப் புல்லோ அருகோ, ஓரத்தை ஒழுங்காக வெட்டக் கைக்கத்தரிதான் சரி. அது மழுங்கியிருந்தால் புல் வெட்டுப்படாது. அலகுகளுக்கு நடுவே மடிந்து நசுங்கும். இரண்டொரு நாளில் நுனியெல்லாம் பழுப்பேறிவிடும்.

ஓரம் வெட்டுவதற்கென்றே நீண்ட கைப்பிடியும் செங்குத்தான அலகும் கொண்ட கத்தரி உண்டு. குனிய முடியாதவர்கள் அதைத் தேடி வாங்குங்கள். மற்றவர்களுக்கு வேலிச்செடி வெட்டும் சாதாரணக் கத்தரியே போதும் என்பது என் கட்சி. விளிம்பு நேராக இருக்கட்டும். அலையலையாக இருந்தால் தீட்டுவது பெரும்பாடு. நடுவில் ரிவெட் அடித்ததை வாங்கவே வாங்காதீர்கள், போல்ட்டும் நட்டும் வேண்டும். கடற்காற்றுக்குப் பயந்து பலர் துருப்பிடிக்காத எஃகைத் தேடுகிறார்கள். நான் கார்பன் எஃகைத்தான் சொல்வேன். அது அரத்துக்கு எளிதில் வசப்படும். துருவை எண்ணெய் பார்த்துக்கொள்ளும்.

தீட்டுவதற்கு 8 அல்லது 10 அங்குலத் தட்டை அரம், ஓர் எண்ணெய்க்கல் (எண்ணெய் விட்டுத் தேய்க்கும் தீட்டுக்கல்), ஒரு மார்க்கர் பேனா, தடித்த கையுறை போதும். நட்டைக் கழற்றி அலகுகளைப் பிரியுங்கள். புல்சாற்றுக் கறையை மண்ணெண்ணெயாலும் துருவை உப்புத்தாளாலும் நீக்கிவிட்டு, ஓர் அலகை வைஸில் (மேசையில் பொருத்தும் இறுக்குப்பிடியில்) இறுக்குங்கள்.

இனித்தான் கவனம் தேவை. ஒவ்வோர் அலகிலும் வெளிப்பக்கம் மட்டுமே சரிவு இருக்கும், உள்பக்கம் தட்டை. அந்தச் சரிவு முழுவதும் மார்க்கரால் மை பூசி, அரத்தை ஒருமுறை தள்ளிப் பாருங்கள். மை விளிம்போரம் மட்டும் அழிந்தால் அரம் அதிகம் தூக்கியிருக்கிறது. மேலே மட்டும் அழிந்தால் படுத்திருக்கிறது. சரிவு முழுக்க அழிகிற கோணமே அந்தக் கத்தரியின் கோணம். அதை மாற்றாமல் அடியிலிருந்து நுனிவரை ஒரே திசையில் தள்ளுங்கள். திரும்பும்போது அரத்தைத் தூக்கிவிட வேண்டும், இழுக்கக் கூடாது. உள்பக்கத்தில் விரலைக் குறுக்கே மெல்ல வைத்துப் பார்த்தால் சன்னமான பிசிறு தட்டுப்படும். அது அடிமுதல் நுனிவரை விடாமல் தட்டுப்பட்டதும் நிறுத்திவிடலாம்.

உள்பக்கத்தில் அரம் படவே கூடாது. எண்ணெய்க்கல்லை அதன்மேல் தட்டையாகப் படுக்க வைத்து இரண்டு மூன்று முறை மெல்லத் தேய்த்தால் பிசிறு போய்விடும். கல்லைக் கொஞ்சம் சாய்த்தாலும் அங்கே புதிய சரிவு விழும். அலகுகளுக்கு இடையே சந்து உண்டாகி, எவ்வளவு கூராக இருந்தாலும் புல் மடியத்தான் செய்யும்.

சாணைச் சக்கரத்தில் கொடுப்பதை நான் விரும்புவதில்லை. சூடேறி விளிம்பு நீலம் பாய்ந்தால் எஃகின் கடினம் போய்விடும், பிறகு கூர் நிற்காது.

மீண்டும் பூட்டியதும் ஒரு கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு மற்றதை விடுங்கள். அது மெதுவாக இறங்க வேண்டும். தொப்பென்று விழுந்தால் நட்டை இன்னும் கொஞ்சம் இறுக்குங்கள். செய்தித்தாளைக் கிழிக்காமல் நுனிவரை வெட்டினால் வேலை முடிந்தது.

பின்சேர்க்கை: தீட்டிய பிறகும் நுனி மட்டும் வெட்டவில்லை என்று கடலூரிலிருந்து ஒரு வாசகர் கேட்டிருந்தார். பலமுறை தீட்டித் தேய்ந்த கத்தரியில், அலகுகள் முழுதாக மூடும் முன்பே கைப்பிடிகளுக்கு நடுவிலுள்ள ரப்பர் முட்டிக்கொள்ளும். ரப்பரைச் சிறிது சீவிவிடுங்கள். கடலோரத்தில் இருப்பவர்கள் ஒவ்வொரு முறையும் துடைத்துத் தையல் மெஷின் எண்ணெய் பூசுங்கள். சமையல் எண்ணெய் வேண்டாம். நாளடைவில் பிசுபிசுத்து மண்ணைப் பிடித்துக்கொள்ளும்.