பெங்களூரில் ஆயுள் தண்டனை, தர்மபுரியில் குடும்பம்: முன்விடுதலைக்கு எங்கே, எப்படி மனு போடுவது?

மாமாவுக்கு ஆயுள் தண்டனை கொடுத்தது பெங்களூரு செஷன்ஸ் கோர்ட். அத்தை இருப்பது தர்மபுரியில். செப்டம்பர் வந்தால் போன் வந்துவிடும்: "அண்ணா பிறந்தநாளுக்கு விடுறாங்களாமே, உங்க மாமா பேரு இருக்கான்னு பாருப்பா." நானும் விவரம் தெரியாமல், தண்டனை முடியும் முன்பே விடுவிக்கச் சொல்லி (இதுதான் முன்விடுதலை) சென்னைக்கு இரண்டு மனு அனுப்பினேன். இரண்டுமே தப்பான இடம்.

அதனால் முதலில் பார்க்க வேண்டியது, தண்டித்த நீதிமன்றம் எந்த மாநிலத்தில் இருக்கிறது என்பதை. அந்த மாநில அரசுதான் முடிவெடுக்கும். கைதி எந்த ஊர்க்காரர், குற்றம் எங்கே நடந்தது என்பதெல்லாம் கணக்கில் வராது. பில்கிஸ் பானு வழக்கில் குற்றம் நடந்தது குஜராத்தில், விசாரணை நடந்து தண்டித்தது மும்பையில். குஜராத் அரசு செய்த விடுதலையை 2024 ஜனவரி 8 அன்று உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது இதனால்தான். கர்நாடக அரசின் விதான சௌதாவுக்குப் போக வேண்டிய மனுவை நான் சென்னைக் கோட்டைக்கு அனுப்பிக்கொண்டிருந்தேன்! சிபிஐ விசாரித்த வழக்கென்றால் மத்திய அரசின் சம்மதமும் வேண்டும்.

அடுத்து, மேல்முறையீட்டுத் தீர்ப்பின் கடைசிப் பக்கத்தைப் படியுங்கள். '25 ஆண்டு, தண்டனைக் கழிவு (தண்டனைக் குறைப்பு) இல்லாமல்' என்பதுபோல எழுதியிருந்தால் இந்த முன்விடுதலை வழி அத்தனை ஆண்டும் மூடியே இருக்கும். அப்போது ஆளுநர் அல்லது குடியரசுத் தலைவரின் கருணைதான்.

இப்போது நாங்கள் சறுக்கிய இடம்: 14 ஆண்டு. கொலை வழக்கு ஆயுள் கைதிக்கு (பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் பிரிவு 433ஏ, இப்போது அதன் இடத்தில் வந்த பிஎன்எஸ்எஸ் சட்டத்தில் பிரிவு 475) குறைந்தது 14 ஆண்டு உள்ளே இருந்திருக்க வேண்டும். 14 முடிந்தால் தானாகக் கதவு திறக்கும் என்று அர்த்தமில்லை, பரிசீலனைக்குத் தகுதி வரும், அவ்வளவுதான். நன்னடத்தைக்குக் கிடைத்த கழிவு நாட்களை இதில் சேர்க்கக் கூடாது. நாங்கள் சேர்த்துவிட்டு ஒரு வருஷம் முன்னாலேயே இனிப்பு வாங்கினோம். விசாரணைக் கைதியாக இருந்த நாட்கள் சேரும். ஜாமீனில் இருந்தவை சேராது. பரோலும் சேராது என்று கோவா கைதிகள் வழக்கில் 2023 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

உதாரணமாக, கைதான நாள் 2008 மார்ச் 10. ஜாமீன் 8 மாதம், பரோல் 120 நாள். 2022 மார்ச்சில் முடிந்ததாகத் தோன்றும். உண்மையில் 2023 மார்ச் 10. சிறையில் நாமினல் ரோல் (கைதி உள்ளே இருந்த காலத்தின் விவரப் பட்டியல்) வாங்கி ஒவ்வொரு தேதியையும் நீங்களே சரிபாருங்கள். இதற்கு எக்செல் வேண்டாம், கோடு போட்ட நோட்டுதான் என் கட்சி. பார்க்கப் போகும்போது மாமாவிடம் வரிவரியாகக் கேட்டுத் திருத்த வசதி.

அப்புறம் ஆர்டிஐ (தகவல் அறியும் உரிமைச் சட்ட) மனு போட்டு, தண்டித்த தீர்ப்பு வந்த நாளில் மாநிலத்தில் இருந்த முன்விடுதலைக் கொள்கை, இப்போதைய கொள்கை இரண்டையும் வாங்குங்கள். பொதுவாகப் பழையதுதான் பொருந்தும். புதியது சலுகை கூடியதாக இருந்தால் அதையே கேட்கலாம் (உச்ச நீதிமன்றத்தின் 2010 ஜகதீஷ் தீர்ப்பு).

மனுவைச் சிறைக் கண்காணிப்பாளர் வழியாகவே கொடுங்கள், நகலில் முத்திரை வாங்காமல் திரும்பாதீர்கள். பிறகு போலீஸ் அறிக்கையும் தண்டித்த நீதிமன்றத்தின் கருத்தும் கேட்பார்கள். நீதிபதி காரணத்தோடு எழுத வேண்டும், ஒற்றை வரி போதாது. எங்களுக்குப் போலீஸ் அறிக்கையில் 'முகவரியில் எவரும் இல்லை' என்று வந்தது. அத்தை வீடு மாறி மூன்று வருஷம் ஆகியிருந்தது, சிறைப் பதிவேட்டில் பழைய தெருதான். மனு போடும் முன்பே முகவரியை மாற்றிவிடுங்கள்.

பின்குறிப்பு: மனுவே போடாவிட்டால் என்ன ஆகும் என்று இரண்டு பேர் கேட்டிருந்தார்கள். உச்ச நீதிமன்றத்தின் 2025 பிப்ரவரி 18 தீர்ப்புப்படி, கொள்கை இருக்கும் மாநிலங்கள் தகுதியானவர்களை மனு இல்லாமலே பரிசீலிக்க வேண்டும், மறுத்தால் காரணம் சொல்ல வேண்டும். ஆனாலும் போடுங்கள். மறுப்பு வந்து உயர் நீதிமன்றம் போக நேர்ந்தால், வக்கீல் முதலில் கேட்பது அந்த முத்திரை விழுந்த நகலைத்தான்.