அம்பு பறக்கும், மின்சாரம் பறக்காது: பிராந்திய ஒத்துழைப்பு வரைவுகளில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஆசியாவின் பிராந்திய பொருளாதார அமைப்புகளுக்கிடையே நீடித்த வளர்ச்சிக்கான கூட்டுத் திட்டங்களை எழுதப் பழகும் இளைஞர்கள் சிலருடைய வரைவுகளைப் படித்துக் கருத்துச் சொல்லும் பணி அண்மையில் எனக்கு வந்தது. மொத்தம் பதினொரு வரைவுகள். தரவுகளைத் திரட்டுவதிலும் படங்களை வரைவதிலும் அவர்கள் என் தலைமுறையைவிடத் தேர்ந்தவர்கள் என்பதில் ஐயமில்லை. ஆனால் ஒன்பது வரைவுகளில், இத்தொழிலுக்கு வந்த புதிதில் நான் செய்த அதே பிழைகளை, ஏறத்தாழ அதே சொற்களில் கண்டேன். எண்களைத் தவறாகக் கூட்டுவது, அமைச்சகத்தின் பழைய பெயரை எழுதுவது, நாடுகளை அகரவரிசை தவறி அடுக்குவது போன்றவற்றை இங்கே சொல்லப்போவதில்லை. அவற்றை யாராவது ஒருவர் கூட்டத்துக்கு முன்பே திருத்திவிடுவார். யாரும் திருத்தாமல் கையெழுத்து வரை சென்றுவிடும் பிழைகளைப் பற்றியே இக்கட்டுரை.

உறுப்பினர் பட்டியலை ஒப்பிடாமல் எழுதுவது

"வங்காள விரிகுடா நாடுகள்" என்று ஒரு வரைவு தொடங்கினால், எந்த நாடுகள் என்று முதலில் கேட்கிறேன். பிம்ஸ்டெக் அமைப்பில் ஏழு நாடுகள் உள்ளன: வங்கதேசம், பூட்டான், இந்தியா, மியான்மர், நேபாளம், இலங்கை, தாய்லாந்து. இவற்றுள் இரண்டுக்குக் கடலே இல்லை. சென்னையில் தலைமையகம் கொண்ட வங்காள விரிகுடாத் திட்டம் என்னும் மீன்வள அமைப்பு 2003ஆம் ஆண்டில் வங்கதேசம், இந்தியா, மாலத்தீவு, இலங்கை ஆகிய நான்கு நாடுகளின் ஒப்பந்தத்தால் அரசுகளுக்கிடையிலான அமைப்பானது. ஐக்கிய நாடுகள் அவையின் உணவு வேளாண்மை நிறுவனம் நடத்திய வங்காள விரிகுடாப் பெருங்கடற்சூழல் திட்டத்திலோ இந்தோனேசியாவும் மலேசியாவும் உட்பட எட்டு நாடுகள் பங்கேற்றன. ஒரே கடல், மூன்று பட்டியல்கள். மூன்றிலும் இடம்பெறுபவை இந்தியா, வங்கதேசம், இலங்கை ஆகியவை மட்டுமே.

இதை அறியாமல் "மூன்று அமைப்புகளும் இணைந்து மீன்வளத்தைக் காக்கும்" என்று எழுதினால், அந்தமான் கடலை ஒட்டிய நாடு ஒன்று முதல் அமைப்பில் உறுப்பினராகவும், இரண்டாவதில் முழு உறுப்பினர் அல்லாத நாடாகவும், மூன்றாவதில் திட்டப் பங்காளியாகவும் மூன்று வேறு அமைச்சகங்களின் வழியாக மூன்று கடிதங்களைப் பெறும். பட்டியலுக்குள் நுழையாத நாட்டின் இழுவைப் படகுகள் மட்டும் வழக்கம்போல அதே மீனைப் பிடித்துக்கொண்டிருக்கும். எந்த வரைவுக்கும் முதல் பக்கமாக, வரிசையில் நாடுகளையும் நெடுக்கையில் அமைப்புகளையும் இட்ட ஒரு கட்டத்தை வரைந்துகொள்ளுங்கள். அரை மணி நேர வேலை.

ஏற்பிசைவுகளை எண்ணுவது

கையெழுத்தான ஓர் ஒப்பந்தத்தை எத்தனை நாடுகள் பின்னர் முறைப்படி ஏற்றன என்பதை எண்ணாதீர்கள். எந்த நாடு ஏற்கவில்லை என்று பாருங்கள். எல்லை கடந்த புகைமூட்ட மாசு குறித்த ஆசியான் ஒப்பந்தம் 2002 ஜூன் மாதம் கையெழுத்தானது. ஆறு நாடுகள் ஏற்றால் போதும் என்ற விதியின்படி 2003 நவம்பரில் நடைமுறைக்கும் வந்தது. ஆனால் சுமத்ராவிலும் கலிமந்தானிலும் கரிமண் நிலங்கள் எரிந்து புகை கிளம்பும் இந்தோனேசியாவின் நாடாளுமன்றம் அதற்கு ஒப்புதல் அளித்தது 2014இல்தான். இடைப்பட்ட காலத்தில், 2013 ஜூன் மாதம், சிங்கப்பூர் அதுவரை கண்டிராத அளவுக்குப் புகையில் மூழ்கியது. ஒப்பந்தம் அப்போது ஏறத்தாழப் பத்து ஆண்டுகளாக "நடைமுறையில்" இருந்தது. புகையை நுகர்பவர்கள் மட்டும் சேர்ந்து கையெழுத்திட்டு ஓர் ஒப்பந்தத்தை உயிர்ப்பிக்க முடியும் என்று விதி அனுமதித்தால், அந்த விதியை எழுதியவரே முதலில் கேள்விக்கு உரியவர்.

நடுவில் இருக்கும் நாட்டை மறப்பது

இந்தப் பிழையை நீண்ட இடம் எடுத்துக்கொண்டுதான் எழுத வேண்டும், ஏனெனில் எனக்கு இரண்டு ஆண்டுகளைப் பறித்த பிழை இது. பதினொரு வரைவுகளில் ஆறில் இதை மறுபடியும் கண்டபோது வந்த எரிச்சல் இன்னும் அடங்கவில்லை.

பல ஆண்டுகளுக்கு முன், மழைக்காலத்தில் மின்சாரம் மிஞ்சும் ஒரு மலைநாட்டிலிருந்து, கோடையில் மின்சாரம் போதாத ஒரு சமவெளி நாட்டுக்கு நீர்மின்சாரத்தைக் கொண்டுசெல்லும் கருத்துருவை ஒரு பிராந்திய அமைப்புக்காக நான் எழுதினேன். விற்பவருக்கு வருமானம், வாங்குபவருக்கு எரிவாயுச் செலவில் மிச்சம், இருவருக்கும் கரிம உமிழ்வில் குறைவு என்று கணக்குகள் அனைத்தும் பொருந்தின. இரண்டுக்கும் இடையே கிடந்த மூன்றாவது நாட்டுக்கு என் கருத்துரு தந்தது ஒரே ஒரு சொல்: "வழி". வரைபடத்தில் மலையிலிருந்து சமவெளிக்கு ஓர் அழகான நீல அம்பை இழுத்திருந்தேன்.

ஆய்வுக் கூட்டத்துக்கு, மேலதிகாரி வர இயலாததால், அந்த நடு நாட்டின் மின்சுமைப் பங்கீட்டு மையத்திலிருந்து ஒரு பொறியாளர் அனுப்பப்பட்டிருந்தார். இரண்டு அமர்வுகள் பேசாமல் இருந்தவர், மூன்றாவதில் எழுந்து, "உங்கள் அம்பு எங்கள் நிலத்தின் மேல் பறக்கிறது, மின்சாரம் பறக்காதே, ஐயா" என்றார். பிறகு மூன்று கேள்விகளைக் கேட்டார். மின்சாரத்தை அளக்கும் மீட்டர் எந்தத் துணைமின் நிலையத்தில் இருக்கும்? வழியில் ஏற்படும் மின்னிழப்பு யாருடைய கணக்கில் சேரும்? பாதையில் நெரிசல் ஏற்படும் இரவில் முதலில் நிறுத்தப்படுவது எங்கள் ஊர்களுக்குச் செல்லும் மின்சாரமா, உங்களுடையதா? மேடையில் இருந்த எங்கள் ஐவரிடமும் பதில் இல்லை. தேநீர் இடைவேளை முன்னதாகவே அறிவிக்கப்பட்டது. பதில்களைத் தேடி முடிப்பதற்குள் நிதி ஒதுக்கிய நிறுவனம் அந்தத் தொகையை வேறொரு திட்டத்துக்கு மாற்றிவிட்டது.

அந்தக் கேள்விகளுக்குப் பதில் சொல்ல எவ்வளவு காலம் பிடிக்கும் என்பதை நேபாளத்துக்கும் வங்கதேசத்துக்கும் இடையிலான மின்வணிகம் பின்னர் காட்டியது. 2014 நவம்பரில் காட்மாண்டுவில் நடந்த, தெற்காசிய நாடுகளின் கூட்டமைப்பான சார்க்கின் மாநாட்டில் எரிசக்தி ஒத்துழைப்புக்கான கட்டமைப்பு ஒப்பந்தம் கையெழுத்தானது. உறுப்பு நாடுகள் தம் மின்கட்டமைப்பைப் பாகுபாடின்றிப் பிறருக்குத் திறந்துவிட வேண்டும் என்று அது கூறியது; ஆனால் அந்தந்த நாட்டுச் சட்டங்களுக்கும் விதிகளுக்கும் உட்பட்டு என்ற ஒரு தொடரையும் சேர்த்துக்கொண்டது. நடுவில் இருக்கும் நாட்டின் காரியம் முழுவதும் அந்தத் தொடருக்குள் ஒளிந்திருந்தது. 2016இல் இந்தியா வெளியிட்ட எல்லை கடந்த மின்வணிக வழிகாட்டுதல்கள் இறுக்கமானவை என்று அண்டை நாடுகள் குறைகூறின. 2018 டிசம்பரில் அவை தளர்த்தப்பட்டன. 2019இல் மத்திய மின்சார ஒழுங்குமுறை ஆணையத்தின் விதிமுறைகளும், 2021இல் அவற்றைச் செயல்படுத்தும் நடைமுறைகளும் வந்தன. 2024 அக்டோபர் 3 அன்று மூன்று நாட்டு நிறுவனங்களும் காட்மாண்டுவில் ஒப்பந்தம் செய்துகொண்டன. நவம்பர் 15 அன்று முதன்முறையாக 40 மெகாவாட் மின்சாரம் இந்தியாவின் வழியாக வங்கதேசத்தை அடைந்தது.

அந்த ஒப்பந்தத்தில் பொறியாளரின் கேள்விகளுக்குப் பெரும்பாலும் விடை உண்டு. மின்சாரம் நேபாளத்தின் தல்கேபரிலிருந்து 400 கிலோவோல்ட் பாதையில் பீகாரின் முசாபர்பூருக்கு வந்து, இந்தியக் கட்டமைப்பின் வழியே மேற்கு வங்கத்தின் பகரம்பூரை அடைந்து, அங்கிருந்து வங்கதேசத்தின் பேராமாராவுக்குச் செல்கிறது. அளவீடு முசாபர்பூரில். தல்கேபருக்கும் முசாபர்பூருக்கும் இடையிலான மின்னிழப்பு நேபாளத்தின் பொறுப்பு. விலை யூனிட்டுக்கு 6.4 அமெரிக்க சென்ட். மழைநீர் மிகுந்த ஜூன் 15 முதல் நவம்பர் 15 வரை மட்டுமே விற்பனை. சிலிகுரிப் பகுதியில் நேபாளத்துக்கும் வங்கதேசத்துக்கும் இடையிலுள்ள இந்திய நிலம் மிகக் குறுகிய இடத்தில் இருபது கிலோமீட்டரை ஒட்டியே இருக்கும். என் நீல அம்பு அங்கேதான் குறுக்கே பறந்திருக்கும். உண்மையான மின்சாரமோ இரண்டு மாநிலங்களைச் சுற்றிக்கொண்டு போகிறது. அதோடு, இந்திய, வங்கதேச மின்கட்டமைப்புகள் ஒத்தியங்குபவை அல்ல என்பதால், மாறுமின்னோட்டத்தை நேர்மின்னோட்டமாக்கி மீண்டும் மாற்றும் நிலையம் ஒன்று பேராமாராவில் தேவைப்பட்டது. அது 2013இலேயே வேறொரு தேவைக்காக, இந்தியா வங்கதேசத்துக்கு மின்சாரம் விற்பதற்காக, அமைந்துவிட்டது நேபாளத்தின் நல்லூழ்.

நடு நாட்டைத் தொடக்கத்திலிருந்தே மேசையில் அமர்த்தினால் வேலை எப்படி நகரும் என்பதற்கு லாவோஸ் எடுத்துக்காட்டு. 2017இல் லாவோஸ், தாய்லாந்து, மலேசியா ஆகிய மூன்றும் ஒன்றாகக் கையெழுத்திட்டன. தாய்லாந்து தன் பாதையில் மின்சாரத்தைக் கடத்தித் தருவதற்கான கட்டணம் பெறும் தரப்பாக அதில் இருந்தது. மறு ஆண்டே மின்சாரம் மலேசியாவுக்குச் சென்றது. 2022 ஜூனில் அதே முதுகெலும்பின் மேல் சிங்கப்பூருக்கு 100 மெகாவாட் வரை நீட்டிக்கப்பட்டது. திட்டத்தின் பெயரிலேயே நான்கு நாடுகளும் உள்ளன. அது சிறு செய்தி போலத் தோன்றினாலும், நடு நாட்டின் நிதி அமைச்சகத்தில் கோப்பை நகர்த்தும் அதிகாரிக்கு அது சிறு செய்தியன்று.

மின்சாரத்துக்கு மட்டும் உரிய பிழையும் அன்று இது. வங்கதேசம், பூட்டான், இந்தியா, நேபாளம் ஆகியவற்றுக்கிடையிலான மோட்டார் வாகன ஒப்பந்தம் 2015 ஜூன் 15 அன்று திம்புவில் கையெழுத்தானது. மறு ஆண்டு பூட்டானின் மேலவை அதை நிராகரித்தது. வெளிநாட்டுச் சரக்கு வாகனங்கள் தங்கள் மலைச்சாலைகளையும் காற்றையும் என்ன செய்யும் என்பதே அங்கு எழுந்த அச்சங்களுள் ஒன்று. நீடித்த வளர்ச்சிக்காகவே எழுதப்பட்ட இணைப்புத் திட்டத்தை, சுற்றுச்சூழலைக் காரணம் காட்டி ஒரு நாடு மறுத்ததைக் கேலியாகப் பேசியவர்களை நான் அறிவேன். பூட்டான் கேட்டது நியாயமான கேள்வி. வரைவில் அதற்கு ஒரு பத்தி இருந்திருக்க வேண்டும்.

ஆகவே இப்போது எந்த வரைவு வந்தாலும், விற்பவர், வாங்குபவர் பகுதிகளைத் தள்ளிவைத்து, பயன் எதையும் நேரடியாகப் பெறாமல் சுமையை மட்டும் தாங்கப்போகும் தரப்பு எது என்று தேடுகிறேன். அதற்கு எவ்வளவு கட்டணம், எந்த நாணயத்தில், எந்த விதியின் கீழ் என்ற மூன்றும் இல்லாவிட்டால் மேற்கொண்டு படிப்பதில்லை.

புதிய மையம் கேட்பது

கேட்காதீர்கள். டாக்காவில் வானிலை ஆராய்ச்சிக்கும், திம்புவில் காட்டியலுக்கும், மாலேயில் கடற்கரை மேலாண்மைக்கும் சார்க் மையங்கள் இருந்தன. இன்று மூன்றும் இல்லை.

"முதலாம் ஆண்டு" என்று எழுதுவது

யாருடைய ஆண்டு? இந்தியாவின் நிதியாண்டு ஏப்ரலில் தொடங்குகிறது, வங்கதேசத்துக்கும் பூட்டானுக்கும் ஜூலை, நேபாளத்துக்கு ஜூலை நடுவில் பிறக்கும் அவர்களுடைய சிராவண மாதம், தாய்லாந்துக்கு அக்டோபர், இலங்கைக்கு ஜனவரி. ஒரு கூட்டுத் திட்டம் செப்டம்பரில் கையெழுத்தாகி, ஒவ்வொரு நாடும் "நடப்பு ஆண்டிலேயே" தன் பங்கைச் செலுத்த வேண்டும் என்று சொன்னால், தாய்லாந்துக்குச் சில நாட்களும், இலங்கைக்கு மூன்று மாதங்களும், இந்தியாவுக்கு ஆறு மாதங்களும், வங்கதேசத்துக்கு ஒன்பது மாதங்களும் எஞ்சியிருக்கும். பங்குத் தொகையைத் தாமதிக்கும் நாட்டைப் பொறுப்பற்றது என்று கூட்ட அறிக்கையில் குத்திக்காட்டிய ஓர் இளம் ஒருங்கிணைப்பாளரை எனக்குத் தெரியும். அந்த நாட்டின் வரவுசெலவுத் திட்டம் அவர் கடிதம் சேர்வதற்குப் பதினோரு நாட்களுக்கு முன்பே நிறைவேறியிருந்தது. மறு ஆண்டு அந்த அமைச்சகம் கூட்டத்துக்கு ஆளே அனுப்பவில்லை. மாதங்களைப் பெயரிட்டு எழுதுங்கள். ஒவ்வொரு நாட்டுக்கும் தனித்தனியே, வரவுசெலவுக் கோரிக்கை அமைச்சகத்தை விட்டு வெளியேறும் மாதத்தையும் சேர்த்து எழுதுங்கள்.

கூட்டறிக்கையின் வினைச்சொற்கள்

"வரவேற்கிறோம்", "கவனத்தில் கொள்கிறோம்", "ஊக்குவிக்கிறோம்" என்னும் மூன்று வினைகளுக்கும் எந்த நாட்டின் கருவூலத்திலும் கணக்குத் தலைப்பு கிடையாது.