திருகோணமலையில் அங்கிலிக்கன் ஆராதனைக்குப் போகிறீர்களா? இந்தப் பிழைகளைத் தவிருங்கள்

சைவர், கத்தோலிக்கர், மெதடிஸ்தர், முஸ்லிம், பௌத்தர் என்று எல்லாரும் கலந்திருக்கும் ஊர் திருகோணமலை. கூடப் படித்தவரின் கல்யாணம், அலுவலக நண்பரின் பிள்ளைக்கு ஞானஸ்நானம், நத்தார் இரவு ஆராதனை என்று ஏதாவது ஒரு சாட்டில், இங்கிலாந்துத் திருச்சபையின் வழிவந்த அங்கிலிக்கன் சேர்ச்சுக்கும் போக வேண்டி வரும்.

புதிதாகப் போகிறவர்கள் விடும் பிழைகளில் முக்கால்வாசிக்குக் காரணம் ஒன்றுதான். கோயிலில் அவரவர் வசதிக்கு வந்து கும்பிட்டுவிட்டுப் போகலாம். பூசை நடக்கும்போதே ஒருவர் வீதி சுற்றுவார், இன்னொருவர் தூணடியில் இருந்து தேவாரம் படிப்பார். யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள். அங்கிலிக்கன் ஆராதனையில் சபை முழுவதும் ஒன்றாக எழும்பும், ஒன்றாக இருக்கும், ஒன்றாகப் பதில் சொல்லும். இடையில் வருவதும் போவதும் எல்லார் கண்ணிலும் படும். ஆகவே பத்து நிமிடம் முந்தியே போய்விடுங்கள். பிந்திவிட்டால், வாசிப்போ ஜெபமோ முடியும் வரை வாசலில் நின்று, பாட்டு தொடங்கியதும் உள்ளே போகலாம். பெருநாட்களில் வாசலில் பையைத் திறந்து பார்த்தால் கோபப்பட வேண்டாம். 2019 உயிர்த்த ஞாயிறுக் குண்டுவெடிப்புக்குப் பிறகு வந்த பழக்கம் அது.

மரியாதை என்று நினைத்து முதல் வாங்கில் போய் இருக்காதீர்கள். எப்போது எழும்புவது, எப்போது இருப்பது என்று பார்த்துச் செய்ய உங்களுக்கு முன்னால் ஆள் இருக்க வேண்டாமா? நடுவுக்குச் சற்றுப் பின்னால் இருப்பதுதான் வசதி.

கையில் ஆராதனைப் புத்தகம் தந்தால், “நான் கிறிஸ்தவன் இல்லை, வேண்டாம்” என்று திருப்பிக் கொடுக்காதீர்கள். 1549 இல் இங்கிலாந்தில் முதலாவது பொது ஜெபப் புத்தகம் வந்த காலம் தொட்டு இந்தச் சபையின் வழிபாடு புத்தகத்தை ஒட்டித்தான் நடக்கிறது. குருவானவர் சொல்வது எது, சபை சொல்வது எது என்று அதில் பிரித்துப் போட்டிருக்கும். வயதானவர்கள் புத்தகத்தைப் பாராமலே கடகடவென்று சொல்வார்கள், மிரள வேண்டாம். நீங்கள் எதையும் சொல்லியே ஆக வேண்டும் என்றில்லை. சுவிசேஷ வாசிப்புக்கும், தங்கள் நம்பிக்கையை எல்லாரும் சேர்ந்து சொல்லும் விசுவாசப் பிரமாணத்துக்கும் எல்லாரும் நிற்பார்கள், கூட நின்றால் போதும். முழங்காலில் நிற்கும் நேரத்தில் இருந்தபடியே தலையைக் குனிந்துகொள்ளலாம்.

அங்கி, மெழுகுதிரி, பீடம் எல்லாவற்றையும் பார்த்துவிட்டு “இதுவும் கத்தோலிக்கப் பூசைதானே” என்று சொல்லிவிடுவார்கள் பலர். தோற்றம் அப்படித்தான் இருக்கும். ஆனால் இந்தச் சபை பாப்பரசரின் கீழ் இல்லை. 1845 இல் உருவான அங்கிலிக்கன் கொழும்பு மறைமாவட்டத்தைச் சேர்ந்தது நம்மூர்ச் சபை. இங்கே குருமார் திருமணம் செய்துகொள்ளலாம். 2006 முதல் பெண்களும் குருவாக அபிஷேகம் பெறுகிறார்கள். பீடத்தில் ஒரு பெண் நிற்பதைக் கண்டு பக்கத்தில் இருப்பவரிடம் குசுகுசுக்காதீர்கள்.

எல்லாவற்றிலும் கவனமாக இருக்க வேண்டிய இடம், அப்பமும் திராட்சரசமும் கொடுக்கும் திருவிருந்து. வாங்கு வாங்காக ஆட்கள் எழும்பி முன்னுக்குப் போவார்கள். பக்கத்தில் இருப்பவர் போகிறாரே என்று நாமும் பின்னால் போய்விடுவோம். அங்கே தருவதைக் கோயில் பிரசாதம் போல எண்ணுவது இயல்புதான். ஆனால் பிரசாதம் வந்தவர் எல்லாருக்கும் உரியது, திருவிருந்து ஞானஸ்நானம் பெற்றவர்களுக்கு உரியது. வாங்குகிறவர்கள் பீடத்துக்கு முன்னால் உள்ள கம்பியடியில் முழங்காலில் நின்று, இடது கைக்கு மேல் வலது கையை விரித்து நீட்டுவார்கள். மெல்லிய வட்ட அப்பத்தை அதில் வைப்பார் குருவானவர். அதை அங்கேயே உண்ண வேண்டும். பிறகு ஒரே கிண்ணத்தில் திராட்சரசம் வரும். சுகமில்லாத அம்மாவுக்குக் கொடுக்கலாம் என்று அப்பத்தை லேஞ்சியில் முடிந்துகொண்டு போவது நல்ல மனதோடு செய்வதுதான், ஆனாலும் சபையாருக்கு அது பெரிய மனவருத்தம். நோயாளி இருந்தால் குருவானவரிடம் சொல்லுங்கள், வீட்டுக்கே வந்து ஜெபிப்பார்.

சரி, முன்னுக்குப் போகாமல் இருந்தால் தப்பா? இல்லவே இல்லை. மற்றவர்கள் போக வழிவிட்டு இருந்த இடத்திலேயே இருக்கலாம். ஆசீர்வாதம் மட்டும் வேண்டுமானால் முன்னுக்குப் போய் இரண்டு கைகளையும் நெஞ்சில் குறுக்காக வைத்துக்கொண்டால் குருவானவர் தலையில் கைவைத்து ஜெபிப்பார். வேறு சபையில் ஞானஸ்நானம் பெற்றவர்கள் ஆராதனைக்கு முன்பே ஒரு வார்த்தை கேட்டுவிடுவது நல்லது. கத்தோலிக்கர்கள் தங்கள் திருச்சபையின் ஒழுங்குப்படி இங்கே வாங்குவதில்லை.

திருவிருந்துக்கு முன்னால் ஒருவருக்கொருவர் சமாதானம் சொல்லும் நேரம் ஒன்று உண்டு. சிலர் கைகொடுப்பார்கள், சிலர் கும்பிடுவார்கள். பெண்களிடம் முந்திக்கொண்டு கையை நீட்டாதீர்கள், கும்பிட்டால் எவருக்கும் சங்கடமில்லை. காணிக்கைப் பை வரும்போது வெறுங்கையாக அடுத்தவரிடம் கொடுத்தாலும் யாரும் பார்க்கப் போவதில்லை. நெற்றியில் திருநீறோ பொட்டோ இருந்தால் அழிக்கத் தேவையில்லை. சப்பாத்தைக் கழற்றுவதா என்று யோசித்தால் வாசலைப் பாருங்கள். அங்கே செருப்புக் குவியல் இருந்தால் கழற்றுங்கள், இல்லாவிட்டால் போட்டபடியே போங்கள். ஃபோனைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். கல்யாணத்திலும் ஞானஸ்நானத்திலும் படம் எடுக்கக் கம்பியைத் தாண்டிப் பீடத்தடிக்குப் போகிறவர்கள் இருக்கிறார்களே, அவர்கள்தான் எனக்குப் பெரிய தலையிடி.

கடைசிப் பாட்டு தொடங்கியதும் கிளம்பாதீர்கள். குருவானவரும் பாடகர் குழுவும் வெளியே போன பிறகுதான் மற்றவர்கள். வாசலில் அவர் கைகொடுக்க நிற்பார், யாருடைய வீட்டு விருந்தாளி என்று சொல்லி அறிமுகமாகிக்கொள்ளுங்கள்.

இன்னொன்று, பெரிய வெள்ளியன்று “வாழ்த்துக்கள்” சொல்லிவிடாதீர்கள். அது இயேசு சிலுவையில் மரித்த நாள். பீடத்தின் துணிகளை எல்லாம் எடுத்து வெறுமையாக வைத்திருப்பார்கள். கைகொடுத்துச் சிரிக்கும் நாள் அல்ல அது. உங்கள் வாழ்த்தை உயிர்த்த ஞாயிறு வரை பத்திரமாக வைத்திருங்கள்.