ஏற்காட்டுச் சார்னோக்கைட்டும் எண் 4-உம்: உயர் அழுத்தத்தில் கனிம மீட்சியை அளக்கையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஏற்காடு மலைப்பாதையோரச் சார்னோக்கைட் பாறையில் பழுப்பாக மின்னும் ஹைப்பர்ஸ்தீன், ஆர்த்தோபைராக்சின் என்ற கனிம வகையைச் சேர்ந்தது. உயர் அழுத்தத்தில் கனிமங்களை அளப்பவர்கள் இதில்தான் அதிகம் சறுக்குகிறார்கள்.

அழுத்தம் ஏற ஏறக் கன அளவு எப்படிச் சுருங்குகிறது என்று சொல்லும் பிர்ச்–முர்னகன் சமன்பாட்டில் தரவைப் பொருத்தும்போது, பருமக் குணகம் (அமுக்கத்துக்குக் கனிமம் காட்டும் விறைப்பு) அழுத்தத்தோடு ஏறும் வீதத்தை 4 என்று பூட்டிவிடுவது வழக்கம். ஒலிவினுக்கு அது ஏறக்குறையச் சரி. ஆர்த்தோபைராக்சினுக்கோ அந்த வீதம் 8-ஐ ஒட்டியது. அதன் உண்மைக் குணகம், அழுத்தம் ஏற்றாத நிலையில், சுமார் 106 ஜிகாபாஸ்கல். 8 ஜிகாபாஸ்கல் வரை அளந்த தரவில் 4-ஐப் பூட்டினால் 120-ஐ ஒட்டி வந்து நிற்கும். பொருத்தம் பார்வைக்கு அழகாகவே இருக்கும், அதுதான் ஆபத்து. ஒவ்வொரு புள்ளிக்கும் ஆய்லர் திரிபையும் (கன அளவுச் சுருக்கத்திலிருந்து கணக்கிடும் அளவு) இயல்பாக்கிய அழுத்தத்தையும் (அத்திரிபைக் கொண்டு அளவு மாற்றிய அழுத்தம்) கணக்கிட்டு, முன்னதைக் கிடை அச்சிலும் பின்னதைச் செங்குத்து அச்சிலும் வரைந்து பாருங்கள். கோடு படுக்கையாக இருந்தால் 4 சரி. மேலே ஏறினால் வீதம் அதைவிடப் பெரிது. கோடு நடுவில் முறிந்தால் கட்ட மாற்றத்தை, அதாவது கனிமத்தின் அணு அமைப்பே மாறியிருப்பதை, சந்தேகியுங்கள். முறிவின் இருபுறத்தையும் ஒரே வளைவில் கோக்காதீர்கள். புதிய கட்டத்துக்குப் பழையதன் தொடக்கக் கன அளவைக் கொடுக்காமல், அதையும் பொருத்தத்திலேயே கண்டுபிடியுங்கள்.

அழுத்த அளவீட்டிலும் பிழை நுழையும். அழுத்தமானியாகக் கனிமத்தோடு வைக்கும் ரூபியின் ஒளிர்வுக் கோடு 694.2 நானோமீட்டரிலிருந்து ஒரு ஜிகாபாஸ்கலுக்குச் சுமார் 0.365 நானோமீட்டர் நகரும். வெப்பநிலை 5, 6 டிகிரி ஏறினாலே, 0.1 ஜிகாபாஸ்கல் ஏறியது போல அது நகர்ந்துவிடும். சேலத்துக் கோடையில் காலையில் குறித்த பூஜ்ய அழுத்தக் கோட்டை வைத்து மதியம் அளக்க வேண்டாம். அழுத்தத்தை எல்லாப் பக்கமும் சமமாகக் கடத்தக் கனிமத்தைச் சுற்றி நிரப்பும் மெத்தனால்–எத்தனால் 4:1 கலவை 10 ஜிகாபாஸ்கல் அருகே இறுகிவிடும். அதற்கு மேல் குணகம் தளர்வது போலத் தெரிந்தால், அது கனிமத்தின் இயல்பா, பக்கத்துக்குப் பக்கம் வேறுபடும் சமனற்ற தகைவா என்று சொல்ல முடியாது. ஹீலியம் நிரப்புங்கள்.

சேலம் வெள்ளைக்கல் மலையின் டியூனைட் பாறையில் உள்ள ஒலிவின் இன்னொரு பாடம். பூமிக்குள் 410 கிலோமீட்டர் ஆழத்தில், சுமார் 14 ஜிகாபாஸ்கல், 1400 டிகிரி செல்சியஸில், அது வாட்ஸ்லியைட் என்ற அடர்ந்த கட்டமாக மாறும். அறை வெப்பநிலையில் அதே அழுத்தம் கொடுத்தால் மாறாது. அணுக்கள் இடம்மாறப் போதிய வெப்பம் இல்லை. அதைப் பார்த்து, அந்த அழுத்தத்தில் "மாற்றம் இல்லை" என்று எழுதிவிடாதீர்கள்.

கன அளவு மட்டும் போதும் என்று நம்புவதும் தவறு. ஸ்டிஷோவைட் (சிலிக்காவின் உயர் அழுத்தக் கட்டம்) 50 ஜிகாபாஸ்கல் அருகே கால்சியம் குளோரைடு அமைப்புக்கு மாறும்போது கன அளவு ஏறக்குறையத் துள்ளுவதே இல்லை. ஆனால் சறுக்குப் பெயர்ச்சி மீட்சி (பக்கவாட்டில் வளைக்கும் விசையை எதிர்க்கும் விறைப்பு) வெகுவாகத் தளர்கிறது. எக்ஸ் கதிர் விளிம்பு விளைவோடு பிரில்லுயின் சிதறலையும் (ஒளிச் சிதறலால் கனிமத்துக்குள் ஒலியலை வேகத்தை அளக்கும் முறை) எடுத்தால் அந்தத் தளர்வு பிடிபடும்.