மண்ணெண்ணெயில் ஓடிய மொறிஸ் மைனரைப் புகைப் பரிசோதனைக்குத் தயார்படுத்துவது எப்படி?

2002இல் போர்நிறுத்தத்தோடு ஏ9 பாதை (கண்டி–யாழ்ப்பாணம் வீதி) திறந்ததும் வன்னியிலுள்ள மல்லாவியிலிருந்து வவுனியாவுக்குக் கொண்டுவந்து, மாமா வீட்டு மாமரத்துக்குக் கீழே நிறுத்திய கார் இது. 1964ஆம் ஆண்டு மொறிஸ் மைனர். இருபது வருடத்துக்கு மேல் நின்றதைப் போன வருடம்தான் தெருவுக்கு இறக்கினோம். மஸ்ரங் போன்ற பழைய அமெரிக்கக் கார்களைத் திருத்துகிறவர்களின் வீடியோக்கள் பார்க்க நன்றாகத்தான் இருக்கும். ஆனால் எங்கள் 1098 சிசி எஞ்சினின் வியாதி வேறு.

போர்க்காலப் பொருளாதாரத் தடையின்போது வன்னிக்குள் பெற்றோல் இல்லை. போனட்டுக்குள் ஒரு சேலைன் போத்தலைத் தொங்கவிட்டு, அதிலிருக்கும் துளி பெற்றோலில் ஸ்டார்ட் பண்ணி, எஞ்சின் சூடானதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார் அப்பா. அன்றைக்குக் காரை ஓடவைத்த உபாயங்களெல்லாம் இன்றைக்குப் பரிசோதனையில் காலை வாரும். எனவே பாதி வேலை அவற்றைக் கழற்றுவதுதான்.

முதலில் கடதாசி. சொந்தப் பாவனைக் காருக்கு, லொறி பஸ்ஸுக்குப் போல வருடாவருடம் தகுதிச் சான்றிதழ் தேவையில்லை. புகைப் பரிசோதனைச் சான்றிதழும் காப்புறுதியும் இருந்தால் பிரதேச செயலகத்தில் வரிப்பத்திரம் (வருடாந்த வாகன அனுமதிப்பத்திரம்) எடுக்கலாம். எஞ்சினையோ நிறத்தையோ மாற்றியிருந்தால் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் அதைப் பதிய வேண்டும். சேசி இலக்கத்தைப் பதிவுப் புத்தகத்தோடு ஒப்பிடுவதைப் பெயின்ற் அடிக்க முதலே செய்துவிடுங்கள். நாங்கள் அடித்தபிறகு பார்த்தோம். அரை நாள் சுரண்டல்.

அடுத்தது, காரைத் தெருவுக்கு இறக்க முதல் பார்க்க வேண்டிய பிறேக். இதில் அவசரப்படாதீர்கள். பிறேக் ஒயில் ஊற்றுகிற இடத்தைப் போனட்டுக்குள் தேடினால் கிடைக்காது. சாரதியின் காலடியில் விரிப்பைத் தூக்கினால் சின்ன மூடி ஒன்று இருக்கும், மாஸ்டர் சிலிண்டர் அதற்குக் கீழே. நீண்டகாலம் நின்ற காரில் அதன் ரப்பர்களும் சில்லுகளில் உள்ள சிலிண்டர் ரப்பர்களும் இறுகியிருக்கும். ஒன்றை மட்டும் மாற்றி மிச்சத்தை விடாதீர்கள். ஒரே லைன்தான், ஒரு இடத்தில் ஒழுகினால் நாலு சில்லுக்கும் பிறேக் இல்லை.

ரப்பர் மாற்றியபின், மாஸ்டர் சிலிண்டருக்கு ஆகத் தூரத்திலுள்ள சில்லிலிருந்து தொடங்கி, லைனில் சிக்கிய காற்றை வெளியே எடுங்கள். அப்புறம் ட்ரம்மை உள்ளிருந்து அழுத்திப் பிடிக்கும் பிறேக் ஷூவை இறுக்க வேண்டும். சில்லைக் கழற்றினால் ட்ரம்மில் துளை தெரியும். அதற்குள் தட்டைத் திருப்புளியை விட்டு, ட்ரம் அசையாமல் பிடிக்கும்வரை திருகி, ஒரு 'கிளிக்' பின்னுக்கு விடுங்கள். முன்சில்லு ஒவ்வொன்றிலும் இரண்டு அட்ஜஸ்டர், பின்சில்லில் ஒன்று. முன்னுக்கு இரண்டாவதை நான் மறந்துவிட்டேன், பிறேக் பிடித்தபோது கார் வேலிப்பக்கம் போகப் பார்த்தது.

கிரவல் றோட்டில் உழைத்த மைனருக்கு முன்சில்லுதான் பெரிய ஆபத்து. சில்லைத் தாங்கும் புரியாணி (ட்ரனியன்) தேய்ந்தால், ஓடிக்கொண்டிருக்கும்போதே சில்லு மடிந்து காருக்குக் கீழே போய்விடும். ஜக் வைத்துத் தூக்கி, சில்லின் மேலும் கீழும் பிடித்து ஆட்டிப் பாருங்கள். ஆட்டம் இருந்தால் இன்னொருவரைப் பிறேக் மிதிக்கச் சொல்லுங்கள். மிதித்ததும் ஆட்டம் நின்றால் பெயாரிங். நிற்காவிட்டால் அந்தப் புரியாணிப் பக்கம்தான் பழுது, அப்படியே கராஜுக்குக் கொண்டுபோங்கள். இந்தத் திருத்தத்தை வீட்டில் செய்து பழக வேண்டாம்.

லைற் வேலை சுலபம். ஒன்றை மட்டும் கவனியுங்கள்: இந்தக் கார்களில் பற்றரியின் பொசிற்றிவ் பக்கத்தைத்தான் காரின் இரும்புப் பொடியோடு பூட்டியிருப்பார்கள். புதுக் காரின் பழக்கத்தில் எல்ஈடி பல்ப் போட்டால் எரியாது.

இனிப் புகை. மண்ணெண்ணெய் எஞ்சின் ஒயிலோடு கலந்து அதை நீர்த்துப்போகச் செய்யும், எனவே பழைய ஒயிலை வடித்துவிடுங்கள். பெற்றோல் ராங்கியைக் கழற்றிக் கழுவுங்கள், பிளக்கைப் புதிதாகப் போடுங்கள். எங்கள் எஞ்சினின் ஹெட்டுக்கு (மேல்மூடிக்கு) கீழே ஒன்றுக்குப் பதில் இரண்டு கஸ்கெட் இருந்தது. மண்ணெண்ணெய் தட்டாமல் ஓட, கொம்பிரஷனைக் குறைக்கச் செய்த வேலை. "தம்பி, இது ஓடின கார் இல்லை, ஓடவைச்ச கார்" என்றபடி மெக்கானிக் அண்ணை ஒன்றைக் கழற்றி என் கையில் தந்தார்.

பெற்றோலையும் காற்றையும் கலந்து எஞ்சினுக்கு அனுப்பும் எஸ்யூ காபரேற்றரின் அடியில் ஆறுபக்க நட்டு ஒன்று இருக்கும். மேலே திருகினால் பெற்றோல் குறையும், கீழே இறக்கினால் கூடும். எஞ்சினை நன்றாகச் சூடாக்கி, காபரேற்றருக்குள் இருக்கும் பிஸ்ரனை ஊசியால் ஒரு மில்லிமீற்றர் அளவுக்கு உயர்த்துங்கள். சத்தம் கூடி அப்படியே நின்றால் பெற்றோல் அதிகம். எஞ்சின் நிற்கப் பார்த்தால் குறைவு. இலேசாகக் கூடி உடனே பழைய நிலைக்கு வந்தால் சரி. நட்டை ஒரு தடவைக்கு அதன் ஆறு பக்கத்தில் ஒரு பக்க அளவு மட்டும் திருப்புங்கள்.

இவ்வளவும் செய்தும் முதல் தடவை நாங்கள் புகைப் பரிசோதனையில் தோற்றோம், புகையில் காபனோரொட்சைட்டு அளவுக்கு மீறி இருந்தது. காரணம், குளிர்ந்த எஞ்சினை ஸ்டார்ட் பண்ணப் பெற்றோலைக் கூட்டும் சோக். வயரை உள்ளே தள்ளினாலும் பெற்றோல் வரும் காபரேற்றரின் ஜெற் மேலே திரும்பாமல் கீழேயே ஒட்டியிருந்தது. விரலால் தள்ளினேன், 'டக்' என்று ஏறியது. நீங்கள் போக முதல் குனிந்து பாருங்கள். சைலன்சரில் ஓட்டை இருந்தால் அதையும் அடையுங்கள்.

பரிசோதனை நாளில் ஏ9இல் இருபது நிமிடமாவது ஓடிவிட்டு, எஞ்சின் சூடு ஆற முதல் உள்ளே கொண்டுபோங்கள். வரிசையில் நிற்கும்போது எஞ்சினை நிறுத்திவைக்க வேண்டாம்.

சேலைன் போத்தல் இன்னும் டிக்கிக்குள் கிடக்கிறது. எறிய அப்பா விடுகிறார் இல்லை. 2022 பொருளாதார நெருக்கடியில் பெற்றோல் வரிசையில் ஒரு நாள் முழுக்க நின்றுவிட்டு வந்து அவர் முதல் தேடியதே அதைத்தான்.