பிக் டென்னில் பதினெட்டு அணி: அமெரிக்கக் கல்லூரி ஃபுட்பால் பார்ப்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பெயரை நம்புவதுதான் முதல் தவறு. பிக் டென் என்ற கான்ஃபரன்ஸில் இன்று பதினெட்டு கல்லூரிகள். பிக் 12-ல் பதினாறு. அட்லாண்டிக் கரையைப் பெயரிலேயே வைத்திருக்கும் ஏ.சி.சி.யில், பசிபிக் பக்கம் இருக்கும் ஸ்டான்ஃபோர்டும் பெர்க்லியும் 2024 முதல் ஆடுகின்றன. சென்னையில் கதவுக்குக் கதவு பழைய எண், புது எண் என்று இரண்டு பலகை தொங்குமே, அதில் பழைய எண்ணை மட்டும் வைத்துக்கொண்டு வீடு தேடுவது போன்ற வேலை இது. (இங்கே ஃபுட்பால் என்றால் ஹெல்மெட் மாட்டிக்கொண்டு ஆடும் அமெரிக்க ஆட்டம். கான்ஃபரன்ஸ் என்றால் ஒரே குழுவாகச் சேர்ந்து அட்டவணை போட்டு ஆடும் கல்லூரிகளின் கூட்டு.)

மகனோ மகளோ படிக்கும் கல்லூரியின் டி-ஷர்ட்டைப் போட்டுக்கொண்டு புதிதாக இந்த ஆட்டத்துக்குள் வருகிறவர்கள் உடனே வரைபடத்தை விரிப்பார்கள். நியூ ஜெர்சியில் இருக்கும் ரட்கர்ஸும் லாஸ் ஏஞ்சல்ஸில் இருக்கும் யு.சி.எல்.ஏ.யும் எப்படி ஒரே கூட்டில் என்று தலையைப் பிய்த்துக்கொள்வார்கள். வரைபடத்தில் இதற்கு விடை கிடைக்காது. டிவி ஒப்பந்தம் எந்த ஆண்டு முடிகிறது என்று பாருங்கள், பாதிக் குழப்பம் அங்கேயே தீரும்.

இது எங்கிருந்து தொடங்கியது? 1984 வரை, எந்த ஆட்டம் டிவியில் வரலாம், ஒரு கல்லூரி எத்தனை முறை திரையில் தோன்றலாம் என்பதையெல்லாம் கல்லூரி விளையாட்டுகளுக்கான தேசிய அமைப்பான என்.சி.ஏ.ஏ.தான் கட்டுப்படுத்தியது. ஓக்லஹோமாவும் ஜார்ஜியாவும் வழக்குப் போட்டன. இது போட்டியைத் தடுக்கும் ஏகபோகம் என்று உச்ச நீதிமன்றம் 7-2 என்ற கணக்கில் தீர்ப்பளித்தது. அதோடு விற்கும் உரிமை கல்லூரிகளின் கைக்கு வந்தது. தனியாகப் போய் நின்றால் விலை படியாது என்பதால் கான்ஃபரன்ஸ்கள் கூட்டுக் கடை திறந்தன. கடை என்று ஆனபிறகு, யாரைச் சேர்க்கலாம் என்ற கேள்வியும் எந்தச் சரக்கு விற்கும் என்ற கேள்வியும் ஒன்றுதான்.

இதில் பலரும் சறுக்கும் இடம் ஒன்று உண்டு. 2014-ல் பிக் டென் மேரிலாண்டையும் ரட்கர்ஸையும் சேர்த்ததற்கும், 2024-ல் யு.எஸ்.சி., யு.சி.எல்.ஏ., ஓரிகன், வாஷிங்டன் ஆகியவற்றைச் சேர்த்ததற்கும் ஒரே காரணம் சொல்வார்கள்: ‘பெரிய ஊர், பெரிய சந்தை.’ முதலாவதற்கு அது சரி. பிக் டென்னுக்குச் சொந்தச் சேனல் 2007-ல் வந்தது. கேபிள் நிறுவனம் அந்தச் சேனலுக்கு வீட்டுக்கு இவ்வளவு என்று மாதாமாதம் கட்டும். கான்ஃபரன்ஸ் கல்லூரி இருக்கும் மாநிலம் என்றால் கட்டணம் அதிகம், இல்லாத மாநிலம் என்றால் குறைவு. ரட்கர்ஸ் ஆட்டத்தை யாரும் பார்க்காவிட்டாலும் நியூயார்க்கைச் சுற்றியுள்ள வீடுகளின் பில்லில் அது ஏறிவிடும். நாம் ஒருநாளும் திறக்காத சேனலுக்கும் டி.டி.எச். பேக்கில் காசு போகிறதே, அதே கதை. ரட்கர்ஸ் தோற்றாலும் பிக் டென்னுக்கு நஷ்டமில்லை.

அதன்பிறகு ஜனங்கள் கேபிளை வெட்ட ஆரம்பித்தார்கள். வீட்டுக் கணக்கு செல்லாக் காசாகி, சனிக்கிழமை ஒரு ஆட்டத்தை உண்மையில் எத்தனை பேர் உட்கார்ந்து பார்க்கிறார்கள் என்பதே விலையானது. ஒஹையோ ஸ்டேட்டும் யு.எஸ்.சி.யும் மோதினால் நாடே பார்க்கும். அதற்குத்தான் 2022-ல் ஃபாக்ஸ், சி.பி.எஸ்., என்.பி.சி. மூன்றும் சேர்ந்து ஏழு ஆண்டுக்கு 7 பில்லியன் டாலருக்கு மேல் தர ஒப்புக்கொண்டன. ஊர் மட்டும் பெரிதாக இருந்தால் போதாது என்பதற்கு டல்லஸில் இருக்கும் எஸ்.எம்.யு. சாட்சி. ஒன்பது ஆண்டுகளுக்கு டிவி பணத்தில் பங்கே வேண்டாம் என்று சொல்லித்தான் ஏ.சி.சி.க்குள் கால் வைத்தது.

மேற்குக் கல்லூரிகளின் கான்ஃபரன்ஸான பேக்-12 சரிந்த கதையில்தான் தவறான விளக்கங்கள் அதிகம். ‘விளையாட்டுச் சேனல் இஎஸ்பிஎன் கொன்றுவிட்டது’ என்பது ஒரு கட்சி, ‘பேராசை’ என்பது மறு கட்சி. நடந்ததை வரிசையாக வைத்துப் பாருங்கள். 2022 ஜூன் 30 அன்று யு.எஸ்.சி.யும் யு.சி.எல்.ஏ.யும் பிக் டென்னுக்குப் போவதாக அறிவித்தன. பேக்-12 ஒப்பந்தம் 2024-ல் முடிவதால் கையைக் காலைக் கட்ட எதுவும் இல்லை. அதே அக்டோபரில், தன் முறை வரும் முன்பே, பிக் 12 போய் இஎஸ்பிஎன்னோடும் ஃபாக்ஸோடும் புது ஒப்பந்தம் பேசி முடித்துவிட்டது. பந்திக்கு முந்து என்பார்களே, முந்தியவருக்குச் சாப்பாடு கிடைத்தது. பேக்-12 உட்காரும்போது இலையில் மிச்சம் இருந்தது, சந்தா எண்ணிக்கையைப் பொறுத்துப் பணம் ஏறி இறங்கும் ஆப்பிள் ஒப்பந்தம் ஒன்று. 2023 ஆகஸ்ட் 4 அன்று ஓரிகனும் வாஷிங்டனும் பிக் டென்னுக்கு நடந்தன, அதுவும் மற்றவர்களைவிடக் குறைந்த பங்குக்கு. அரிசோனா, அரிசோனா ஸ்டேட், யூட்டா பிக் 12-க்கு. சில வாரத்தில் மிஞ்சியது ஓரிகன் ஸ்டேட், வாஷிங்டன் ஸ்டேட் என்ற இரண்டே கல்லூரிகள். நூறாண்டுக்கு மேற்பட்ட பரம்பரை ஒரே கோடையில் காலி. வில்லன் ஒருவரைத் தேடுகிறவர்களுக்கு ஏமாற்றம்தான். என் கணக்கில் பேக்-12 தலைவர்கள் தங்கள் சரக்கின் விலையைத் தப்பாகப் போட்டுக்கொண்டு காலம் கடத்தினார்கள், அவ்வளவே.

இதற்கு எதிர்முனையில் இன்னொரு தவறு: எந்தக் கல்லூரியும் நினைத்த மாத்திரத்தில் கிளம்பிவிடும் என்று எண்ணுவது. ‘கிராண்ட் ஆஃப் ரைட்ஸ்’ என்றொரு பத்திரம் இருக்கிறது. அதில் கையெழுத்துப் போட்டால் உன் மைதானத்து ஆட்டங்களின் ஒளிபரப்பு உரிமை கூட்டுக்குச் சொந்தம். நீ வெளியே போனாலும் உரிமை உன்னோடு வராது. வீட்டைக் காலி செய்யலாம், பட்டா மட்டும் அவர்களிடமே இருக்கும். ஏ.சி.சி. 2036 வரை இப்படிக் கட்டியதால்தான் ஃப்ளோரிடா ஸ்டேட்டும் க்ளெம்சனும் நீதிமன்றப் படி ஏறின. 2025 மார்ச்சில் சமரசம்: அதிகப் பார்வையாளர்களை இழுக்கும் அணிக்கு அதிகப் பங்கு, வெளியேறும் அபராதம் ஆண்டுக்கு ஆண்டு குறையும். டெக்சஸும் ஓக்லஹோமாவும் 2025-க்குப் பதில் 2024-லேயே பிக் 12-ஐ விட்டு எஸ்.இ.சி. என்ற தெற்கத்திக் கான்ஃபரன்ஸுக்குப் போக, அந்த ஓராண்டுக்காக இருவரும் சேர்ந்து 100 மில்லியன் டாலர் இழந்தார்கள்.

இனி ப்ளேஆஃப், அதாவது சீசன் முடிவில் சாம்பியனைத் தீர்மானிக்கும் நாக்-அவுட் சுற்று. இங்கே முதலில் திட்ட வேண்டிய ஆளைச் சரியாகத் திட்டப் பழகுங்கள். மேல்மட்டக் கல்லூரி ஃபுட்பாலின் சாம்பியன் யார் என்பதை என்.சி.ஏ.ஏ. தீர்மானிப்பதில்லை. மார்ச் மாதக் கூடைப்பந்துப் போட்டி அவர்களுடையது. ஃபுட்பால் ப்ளேஆஃபை நடத்துவது பத்து கான்ஃபரன்ஸ்களும், ஃபுட்பாலில் எந்தக் கான்ஃபரன்ஸிலும் சேராத நோட்டர் டேமும் சேர்ந்த தனி அமைப்பு. அணிகளைத் தேர்வது பதின்மூன்று பேர் கொண்ட குழு. ‘இஎஸ்பிஎன் தேர்ந்தெடுக்கிறது’ என்பதும் தவறு. ஆனால் செவ்வாய்தோறும் வரும் தரவரிசை அறிவிப்பை நிகழ்ச்சியாக்கி ஒளிபரப்புவது அந்தச் சேனல்தான். நாம் போடும் சண்டையால் அவர்களுக்கு நஷ்டம் ஒன்றுமில்லை.

அந்தத் தரவரிசையை ரேஷன் கடை வரிசை போல எண்ணுவது அடுத்த பிழை. முன்னால் நிற்பவர் தடுக்கி விழாதவரை இடம் பத்திரம் என்று நினைப்போம். 2014-ல் மூன்றாம் இடத்தில் இருந்த டி.சி.யு. தன் கடைசி ஆட்டத்தில் 55-3 என்று ஜெயித்தது. மறுநாள் ஆறாம் இடம், ப்ளேஆஃபுக்குள் அப்போது நான்கு அணிகளுக்குத்தான் இடம். குழு ஒவ்வொரு வாரமும் பட்டியலைப் புதிதாகப் போடுவதாகச் சொல்கிறது. உள்ளே வந்த ஒஹையோ ஸ்டேட், மூன்றாம் நிலை குவார்ட்டர்பேக்கை (பந்தை வீசி ஆட்டத்தை நடத்துபவர்) வைத்துக்கொண்டு விஸ்கான்சினை 59-0 என்று நசுக்கி, பின்பு பட்டத்தையும் வென்றது.

அந்த மூன்றாம் நிலை ஆட்டக்காரரை மனதில் வைத்துக்கொண்டு 2023-க்கு வாருங்கள். ஃப்ளோரிடா ஸ்டேட் 13-0, அதாவது பதின்மூன்று வெற்றி, தோல்வியே இல்லை. குவார்ட்டர்பேக் ஜோர்டன் டிராவிஸ் நவம்பரில் கால் முறிந்து போனார். ஏ.சி.சி. இறுதியில் அவர்களும் மூன்றாம் ஆளைத்தான் இறக்கினார்கள். 16-6 என்று ஜெயிக்கவும் செய்தார்கள். குழு அவர்களை ஐந்தாம் இடத்தில் வைத்தது, உள்ளே இடம் நான்கு. ஒரு தோல்வி கண்ட அலபாமா உள்ளே. முக்கிய ஆட்டக்காரர் இல்லாமையைக் கணக்கில் எடுக்கலாம் என்பது விதியிலேயே இருக்கிறது, அதனால் முறைகேடு என்று சொல்ல முடியாது. விதி கேட்பது ‘சிறந்த’ அணியை. ரசிகன் கேட்பது ‘தகுதி பெற்ற’ அணியை. இரண்டும் ஒன்று என்று எண்ணிக்கொண்டு பேசினால் விடிய விடியப் பேசலாம். என்னைக் கேட்டால், ஒரு ஆட்டத்தில்கூடத் தோற்காதவனை வாசலில் நிறுத்தியது அநியாயம். அதன்பின் ஆரஞ்சு பவுல் என்ற சீசன் முடிவு ஆட்டத்தில் ஜார்ஜியாவிடம் 63-3 என்று அவர்கள் உதை வாங்கியதைக் காட்டி ‘பார்த்தாயா, குழு சொன்னது சரி’ என்பார்கள். அன்று அந்த அணியின் முதன்மை ஆட்டக்காரர்களில் பலர் ஆட வரவே இல்லை. அதைச் சாட்சியாக எடுக்காதீர்கள்.

நான்கு அணியைப் பன்னிரண்டாக்கினால் சண்டை ஓயும் என்று நம்பியதும் பிழைதான். 2024-ல் முதல் நான்கு இடம் கான்ஃபரன்ஸ் சாம்பியன்களுக்கே என்று வைத்தார்கள். ஒரு சுற்று ஓய்வெடுத்து வந்த அந்த நால்வரும் முதல் ஆட்டத்திலேயே தோற்றார்கள், எட்டாவதாக வந்த ஒஹையோ ஸ்டேட் பட்டம் வென்றது. அடுத்த ஆண்டே விதி மாறியது. 2025-ல் சண்டை மயாமிக்கும் நோட்டர் டேமுக்கும். இருவரும் 10-2. சீசனின் முதல் வாரத்தில் மயாமி 27-24 என்று ஜெயித்திருந்தது. ஆனாலும் பல வாரம் நோட்டர் டேமே மேலே இருந்தது. கடைசி வாரம் இருவருமே ஆடவில்லை. இடம் மட்டும் மாறியது: மயாமி உள்ளே, நோட்டர் டேம் வெளியே. நேருக்கு நேர் ஜெயித்தவன் எப்போதும் மேலே என்பது விதி அல்ல. இரு அணிகளும் பட்டியலில் பக்கத்துப் பக்கத்தில் வந்து நிற்கும்போதுதான் குழு அதைக் கையில் எடுக்கிறது. இடையில் இருந்த பி.ஒய்.யு. தன் கான்ஃபரன்ஸ் இறுதியில் தோற்றுக் கீழே நழுவ, இருவரும் அடுத்தடுத்து வந்துவிட்டார்கள். கோபத்தில் நோட்டர் டேம் வேறு பவுல் ஆட்டத்துக்கும் வரமாட்டேன் என்றது.

பிக் டென்னின் இப்போதைய டிவி ஒப்பந்தம் 2030-ல் முடிகிறது. பிக் 12-உடையது 2031-ல். ஏ.சி.சி.யை விட்டு வெளியேறும் அபராதமும் ஏறக்குறைய அதே நேரத்தில்தான் 75 மில்லியன் டாலருக்கு இறங்குகிறது. ப்ளேஆஃபுக்கு இஎஸ்பிஎன் போட்டிருக்கும் ஒப்பந்தம் 2031-32 சீசனோடு முடிகிறது.